கண்ணாடியில தெரியுற பிம்பம் உண்மையில எங்க இருக்கு? சமதள ஆடில இருந்து டெலஸ்கோப் வரைக்கும் முழு வழிகாட்டி

ஒளி பாடத்துல ஆடின்னு வந்தாலே நம்ம பசங்க ஆறு படத்தை மனப்பாடம் பண்ணிட்டு பரீட்சைக்கு போயிடுறாங்க. பொருள் இங்க இருந்தா பிம்பம் அங்க, தலைகீழ், சின்னது, மெய் பிம்பம், முடிஞ்சுது. கேள்வியை லேசா திருப்பி போட்டா அத்தனையும் காலி. எனக்கு கேட்டா தப்பு பசங்க மேல இல்ல, அந்த படத்துல ஒரு முக்கியமான ஆளை வரையுறதே இல்ல, பாக்குறவனோட கண்ணு. கண்ணை தூக்கிட்டு கதிரை மட்டும் போட்டா பிம்பம்ங்கிறது வெறும் கோடு வெட்டிக்கிற இடம், அவ்வளவுதான் புரியும்.

அதனால இந்த கைடு முழுக்க ஒரே கேள்வியை தான் திரும்ப திரும்ப கேக்க போறேன்: கண்ணுக்குள்ள வர்ற கதிர்கள் எந்த புள்ளில இருந்து விரிஞ்சு வர்ற மாதிரி இருக்கு? அந்த புள்ளி தான் பிம்பம். கண்ணுக்கும் மூளைக்கும் வெளிச்சம் வழியில எங்க மடங்குச்சு, எத்தனை தடவை மடங்குச்சுன்னு எல்லாம் தெரியாது, நேரா வந்துச்சுன்னே எடுத்துக்கும்.

வேணும்கிற சாமான்: ஒரு சின்ன முகம் பாக்குற கண்ணாடி, பெருசா காட்டுற ஷேவிங் இல்ல மேக்கப் கண்ணாடி, ஒரு எவர்சில்வர் குழிக்கரண்டி, பைக் சைடு மிரர் (கழட்ட வேணாம், பைக்கிட்ட போய் பாத்துக்கலாம்), நாலு குண்டூசி, தெர்மாகோல் அட்டை, வெள்ளை பேப்பர், ஸ்கேல், கோணமானி, ரெண்டு மெழுகுவர்த்தி, ஜன்னல் கண்ணாடி மாதிரி ஒரு தட்டையான கண்ணாடி துண்டு. அது ஓரம் கூரா இருக்கும், செல்லோ டேப் ஒட்டிட்டு எடுங்க.

ஸ்டெப் 1: சுவத்துல ஏன் முகம் தெரியல?

சுவரும் வெளிச்சத்தை திருப்பி தான் அனுப்புது, இல்லன்னா சுவரே கண்ணுக்கு தெரியாது. வெள்ளை சுண்ணாம்பு சுவர் தன் மேல விழுற வெளிச்சத்துல பெரும்பகுதியை திருப்பி அனுப்பிடும், ஆனா கண்டபடி எல்லா பக்கமும். காரணம் அதோட மேடு பள்ளம். நம்ம கண்ணுக்கு தெரியுற ஒளியோட அலைநீளம் சுமாரா 400ல இருந்து 700 நானோமீட்டர், சுவத்தோட சொரசொரப்பு அதை விட பல மடங்கு பெருசு, அதனால ஒவ்வொரு இடத்துலயும் பரப்பு வேற வேற பக்கமா சாஞ்சு இருக்கு. என் மூக்கு நுனில இருந்து கிளம்பின கதிரும் காதுல இருந்து கிளம்பின கதிரும் சுவத்துல பட்டு கலந்தடிச்சு வருது, ஒரு புள்ளில இருந்து வந்த மாதிரி கண்ணுக்கு தோணவே தோணாது, அதான் முகம் இல்ல. கண்ணாடியோட உலோக பூச்சு அந்த அலைநீளத்தை விட வழவழப்பா இருக்கு, அதனால கதிருங்க வரிசை கலையாம திரும்புது.

உலோக பூச்சுன்னு சொன்னேன்ல, அதான் உண்மையான ஆடி. முன்னாடி இருக்குற கிளாஸ் வெறும் பாதுகாப்புக்கு. 1835ல ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபான் லீபிக் கண்ணாடி மேல வெள்ளியை படிய வைக்கிற முறையை கண்டுபிடிச்சார், அதுக்கு அப்புறம் தான் வெள்ளி பூசின கண்ணாடி பரவலாச்சு, இப்போ நிறைய கண்ணாடில அலுமினியம் பூசுறாங்க. கிளாஸோட முன் பக்கமும் சும்மா இருக்காது, சுமார் 4 சதவீத வெளிச்சத்தை அதுவே திருப்பி விட்டுடும். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு தடிமனான கண்ணாடி முன்னாடி மெழுகுவர்த்தி ஏத்தி நல்லா சாய்வா பாருங்க, ஒரு சுடருக்கு பதிலா வரிசையா நாலஞ்சு சுடர் தெரியும். ரெண்டாவதா இருக்குறது தான் பளிச்சுன்னு இருக்கும், அது பூச்சுல இருந்து வர்றது, முதல்ல மங்கலா இருக்குறது கிளாஸ் முன் பக்கத்துல இருந்து வர்றது, மிச்சம் எல்லாம் உள்ளுக்குள்ளயே அங்கயும் இங்கயும் அடிபட்டு வெளிய வந்தது.

இங்க ஒரு வாட்ஸாப் ஃபார்வர்டை பத்தி சொல்லியே ஆகணும். ட்ரையல் ரூம் கண்ணாடில விரல் நகத்தை வச்சு பாருங்க, நகத்துக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி இருந்தா நல்ல கண்ணாடி, ஒட்டிக்கிட்டு இருந்தா அந்த பக்கம் ஆள் பாக்குறான்னு வருஷக்கணக்கா சுத்திட்டு இருக்கு. அந்த இடைவெளி காட்டுறது ஒரே விஷயம் தான், பூச்சு கிளாஸுக்கு முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கான்னு. பின்னாடி பூசின ஒருவழி கண்ணாடியும் இருக்கலாம், முன்னாடி பூசின ஒழுங்கான ஆடியும் இருக்கு. கேரளா ஆரன்முளை கண்ணாடி செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து தேய்ச்சு எடுக்குற முழு உலோக ஆடி, அதுல நகத்தை வச்சா இடைவெளியே இருக்காது, அதுக்காக பின்னாடி யாரும் ஒளிஞ்சிருக்கான்னு அர்த்தமா? ஒருவழி கண்ணாடி வேலை செய்யுறதே இந்த பக்கம் வெளிச்சமாவும் அந்த பக்கம் இருட்டாவும் இருக்குறதால தான். அதனால ரூம் லைட்டை அணைங்க, போன் டார்ச்சை கண்ணாடில ஒட்ட வச்சு அடிங்க, ரெண்டு கையையும் முகத்தை சுத்தி கூப்பி வச்சு கண்ணாடியோட ஒட்டி பாருங்க. அந்த பக்கம் ரூம் இருந்தா தெரிஞ்சுடும்.

ஸ்டெப் 2: ஒரே ஒரு விதி, அதை ஊசி வச்சு நிரூபிங்க

தெர்மாகோல் மேல பேப்பரை விரிச்சு ஒரு நேர்கோடு போட்டு, பூச்சு இருக்குற பின் பக்கம் அந்த கோட்டு மேல வர்ற மாதிரி கண்ணாடியை செங்குத்தா நிக்க வைங்க. ஒரு பக்கமா ரெண்டு குண்டூசியை சாய்வான ஒரு கோட்டுல குத்துங்க. இப்போ மறு பக்கம் போய், ஒரு கண்ணை மூடிக்கிட்டு, மட்டத்துக்கு குனிஞ்சு கண்ணாடிக்குள்ள பாருங்க. அந்த ரெண்டு ஊசியோட பிம்பமும் ஒண்ணு மேல ஒண்ணு மறையுற இடம் கிடைக்கும், அந்த பார்வை கோட்டுலயே இன்னும் ரெண்டு ஊசியை குத்துங்க, நாலும் ஒரே வரிசையில தெரியணும். கண்ணாடியை எடுத்துட்டு ஓட்டைங்களை சேத்து கோடு போட்டா ரெண்டு கோடும் ஆடி கோட்டுகிட்ட சந்திக்கும். சந்திக்கிற இடத்துல 90 டிகிரில ஒரு செங்குத்துக்கோடு போட்டு அளந்தா படுகோணமும் (வந்து படுற கதிரோட கோணம்) எதிரொளிப்பு கோணமும் (திரும்புற கதிரோட கோணம்) சமமா வரும். ஒண்ணு ரெண்டு டிகிரி முன்ன பின்ன வந்தா ஊசி சாஞ்சிருக்கும், விடுங்க.

கேரம் ஆடுறவங்களுக்கு இது கைப்பழக்கம், ஸ்ட்ரைக்கரை கட்டையில அடிச்சு காயை எடுக்குறப்போ இதே கோண கணக்கு தான் போடுறோம். என்ன, ஸ்ட்ரைக்கர் சுழலும், கட்டையில உரசும், கோணம் கொஞ்சம் தப்பும், ஒளிக்கு அந்த தொல்லை எல்லாம் இல்ல.

பரீட்சையில எல்லாரும் மாட்டுற இடம் இது: கோணத்தை செங்குத்துக்கோட்டுல இருந்து தான் அளக்கணும், ஆடி பரப்புல இருந்து இல்ல. "கதிர் ஆடியோட 30 டிகிரி பண்ணுது, எதிரொளிப்பு கோணம் எவ்ளோ"ன்னு கேட்டா விடை 60. சரி ஏன் செங்குத்துக்கோடு, பரப்புல இருந்து அளந்தா என்ன குறைஞ்சுது? சமதளத்துக்கு ஒண்ணும் குறையாது தான், ஆனா கரண்டி மாதிரி வளைஞ்ச பரப்புக்கு போனதும் செங்குத்துக்கோடு இல்லாம ஒரு அடி கூட நகர முடியாது. இன்னொண்ணு, படுகதிர், செங்குத்துக்கோடு, திரும்புற கதிர் மூணும் ஒரே தளத்துல இருக்கும், இதையும் சேத்து எழுதினா தான் விதி முழுசு.

கதிரை அப்படியே வச்சுட்டு ஆடியை மட்டும் 10 டிகிரி திருப்பினா திரும்புற கதிர் 20 டிகிரி திரும்பும். வெயில்ல சின்ன கண்ணாடியை பிடிச்சுட்டு பக்கத்து வீட்டு சுவத்துல வெளிச்ச புள்ளியை ஓட விட்டவங்களுக்கு கை லேசா அசைஞ்சாலே புள்ளி எங்கயோ பறக்கும்னு தெரியும், காரணம் இந்த டபுள் கணக்கும் தான்.

ஸ்டெப் 3: பிம்பம் கண்ணாடி மேல இல்ல, அதுக்கு பின்னாடி

உங்க மூக்கு நுனில இருந்து கதிர் எல்லா பக்கமும் விரிஞ்சு போகுது, அதுல கொஞ்சம் ஆடில பட்டு அதே விரிசலோட திரும்பி கண்ணுக்கு வருது. வர்ற கதிர்களை பின்னோக்கி நீட்டினா ஆடிக்கு பின்னாடி, மூக்கு எவ்ளோ தூரம் முன்னாடி இருக்கோ அதே தூரத்துல ஒரு புள்ளில சேரும். அந்த இடத்துல நிஜமா ஒளி கிடையாது, சுவர் தான் இருக்கும், அதனால தான் மாய பிம்பம்னு பேரு. கதிர்கள் நிஜமாவே வந்து சேருற இடத்துல பிம்பம் இருந்தா அது மெய் பிம்பம்.

சும்மா சொன்னா நம்பாதீங்க, ராத்திரி செஞ்சு பாருங்க. மேசை மேல அந்த தட்டை கண்ணாடி துண்டை செங்குத்தா நிறுத்தி, முன்னாடி 20 செ.மீ.ல ஏத்தின மெழுகுவர்த்தி, பின்னாடி அதே 20 செ.மீ.ல ஏத்தாத அதே உயர மெழுகுவர்த்தி. முன்னாடி பக்கத்துல இருந்து கண்ணாடி வழியா பாத்தா ஏத்தாத திரியில சுடர் எரியுற மாதிரி தெரியும். விரலை கொண்டு போய் அந்த திரி மேல வச்சா விரல் நெருப்புக்குள்ள இருக்கும், சுடவே சுடாது. தலையை இடமும் வலமும் ஆட்டுங்க, சுடர் திரியை விட்டு நகராது. பின் மெழுகுவர்த்தியை 15 செ.மீ.க்கு நகர்த்திட்டு தலையை ஆட்டினா சுடர் வழுக்கிட்டு போயிடும். பிம்பத்தோட இடத்தை இவ்ளோ சுலபமா கண்டுபிடிக்க வேற வழி இருக்குற மாதிரி எனக்கு தெரியல.

கிட்டப்பார்வை இருக்குறவங்க இன்னொண்ணு பண்ணலாம். மூக்கு கண்ணாடியை கழட்டிட்டு, முகம் பாக்குற கண்ணாடியை 20 செ.மீ.ல பிடிச்சு அதுல பின்னாடி தூரத்துல இருக்குற காலண்டரை பாருங்க. கண்ணாடி பக்கத்துல தான இருக்கு, ஆனா காலண்டர் மங்கலா தான் தெரியும், ஏன்னா அதோட பிம்பம் நிஜமாவே தூரத்துல இருக்கு. போன் கேமராவும் இதே மாதிரி தான், கண்ணாடி மேல இருக்குற தூசியை தொட்டு ஃபோகஸ் பண்ணா முகம் கலங்கும், முகத்தை தொட்டா தூசி கலங்கும்.

பீரோ வாங்க போறவங்களுக்கு ஒரு கணக்கு. தலையில இருந்து கால் வரைக்கும் தெரிய எவ்ளோ உயர கண்ணாடி வேணும்? உங்க உயரத்துல சரிபாதி. 160 செ.மீ. உயரம், கண்ணு தரையில இருந்து 150 செ.மீ.ன்னு வைங்க. பாதம் தெரிய கதிர் ஆடில படுற இடம் கண்ணுக்கும் தரைக்கும் நடுவுல, அதாவது 75 செ.மீ., உச்சந்தலை தெரிய 150க்கும் 160க்கும் நடுவுல 155 செ.மீ. ஆக 80 செ.மீ. கண்ணாடி போதும், ஆனா கீழ் விளிம்பு சரியா 75 செ.மீ. உயரத்துல இருக்கணும். இதுல நீங்க நிக்கிற தூரம் எங்கயுமே வரல பாருங்க. கால் தெரியலன்னு பின்னாடி பின்னாடி போறது வீண் வேலை, எவ்ளோ தள்ளி போனாலும் நேரா தொங்குற கண்ணாடில அதே முழங்கால் வரைக்கும் தான் தெரியும். சந்தேகமா இருந்தா குளிச்ச உடனே ஆவி படிஞ்ச பாத்ரூம் கண்ணாடில ஒரு கண்ணை மூடிக்கிட்டு முகத்தோட ஓரத்தை விரலால வரைஞ்சு அளந்து பாருங்க, நிஜ முகத்துல பாதி இருக்கும்.

ஸ்டெப் 4: இடம் வலம் மாறுது, மேல கீழ ஏன் மாறல?

உண்மை என்னன்னா ரெண்டுமே மாறல. வடக்கு பாத்து ஆடி முன்னாடி நின்னு கிழக்கு பக்கம் கையை நீட்டினா பிம்பமும் கிழக்கே தான் நீட்டும், மேல காட்டினா அதுவும் மேல தான் காட்டும். வடக்கே ஆடியை நோக்கி விரலை நீட்டுங்க, பிம்பம் தெற்கே உங்களை நோக்கி நீட்டும். மாறுறது முன் பின் மட்டும் தான். நாம தான் பிம்பத்தை நம்ம எதிர்ல வந்து திரும்பி நிக்கிற ஒரு ஆளா நினைச்சுக்கிட்டு, அவனோட வலது இடதுன்னு கணக்கு போடுறோம்.

அப்போ எழுத்து ஏன் திரும்பி தெரியுது? ஒரு பிளாஸ்டிக் ஷீட்ல ஸ்கெட்ச் பேனாவால "பட்டம்"னு எழுதி, நீங்க நேரா படிக்கிற மாதிரியே கையில பிடிச்சுட்டு ஆடியை பாருங்க. ஆடியிலயும் "பட்டம்" நேரா தான் தெரியும்! இப்போ பேப்பர்ல எழுதினதை ஆடிக்கு காட்டணும்னா என்ன பண்றீங்க, பேப்பரை இடமா வலமா திருப்புறீங்க. திருப்பினது நீங்க, பழி ஆடி மேல. பேப்பரை தலைகீழா புரட்டி காட்டினா எழுத்து மேல கீழா மாறி இருக்கும், அதையும் பாருங்க. ஆம்புலன்ஸ் முன்னாடி எழுத்தை திருப்பி எழுதுறது, முன்னாடி போற வண்டிக்காரர் மிரர்ல நேரா படிக்கிறதுக்கு.

ஸ்டெப் 5: ரெண்டு கண்ணாடி, மூணு கண்ணாடி

ரெண்டு கண்ணாடியை 90 டிகிரில சேத்து நடுவுல ஒரு நாணயம் வச்சா 3 பிம்பம், 60 டிகிரின்னா 5. 360ஐ கோணத்தால வகுத்து ஒண்ணு கழிக்கணும், வகுத்தா இரட்டைப்படை எண் வந்தா கண்ணை மூடிட்டு போடலாம், மத்த கோணத்துக்கு பொருள் எங்க இருக்குங்கிறதையும் பாக்கணும். நேருக்கு நேரா வச்சா கணக்கே இல்ல, சலூன்ல பாக்குற அந்த முடிவில்லாத வரிசை. ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளிச்சம் போகுது, ஒரு தடவைக்கு 10 சதவீதம் போச்சுன்னா பத்தாவது எதிரொளிப்புல மிச்சம் 35 சதவீதம் தான், அதான் உள்ள போக போக மங்குது, கிளாஸ்ல இருக்குற இரும்பால பச்சை சாயலும் ஏறுது. 45 டிகிரில ரெண்டு கண்ணாடியை அட்டை குழாய்ல மேலயும் கீழயும் வச்சா பெரிஸ்கோப், அதை எல்லாரும் ஸ்கூல் எக்ஸிபிஷன்ல பாத்திருப்பீங்க.

சுவாரஸ்யம் மூணு கண்ணாடில தான். ரூம் மூலை மாதிரி மூணும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா சேத்தா, எந்த பக்கத்துல இருந்து கதிர் உள்ள வந்தாலும் மூணுலயும் பட்டு வந்த திசையிலயே திரும்பி போயிடும். அந்த மூலையை எப்படி சாய்ச்சு பிடிச்சாலும் நடுவுல உங்க கண்ணு தான் தெரியும். சைக்கிள் பின்னாடி இருக்குற சிவப்பு ரிஃப்ளெக்டரை உத்து பாருங்க, குட்டி குட்டி மூலைங்களா இருக்கும், அதனால தான் லாரி ஹெட்லைட் வெளிச்சம் லாரி டிரைவர்கிட்டயே திரும்புது.

1969 ஜூலைல அப்பல்லோ 11 போனவங்க இந்த மாதிரி 100 மூலை பிரிசம் உள்ள ஒரு தட்டை நிலாவுல வச்சுட்டு வந்தாங்க, 1971ல அப்பல்லோ 15 வச்சதுல 300. பூமில இருந்து லேசர் அடிச்சா சுமார் 2.5 வினாடில திரும்பி வரும், அந்த நேரத்தை வச்சு தான் நிலா வருஷத்துக்கு 3.8 செ.மீ. தள்ளி போயிட்டு இருக்குன்னு அளந்திருக்காங்க. நம்ம சந்திரயான் 3 விக்ரம் லேண்டர்லயும் நாசா குடுத்த ஒரு குட்டி ரிஃப்ளெக்டர் இருக்கு, 2023 டிசம்பர்ல நிலாவை சுத்துற எல்.ஆர்.ஓ. விண்கலம் அது மேல லேசர் அடிச்சு திரும்ப வாங்கிடுச்சு. விக்ரம் தூங்கினாலும் அந்த ரிஃப்ளெக்டருக்கு பேட்டரி தேவையில்ல.

ஸ்டெப் 6: குழியாடி, இங்க தான் நின்னு நிதானமா போகணும்

கரண்டி உள் பக்கம் (குழியாடி) முகம் தலைகீழா, வெளி பக்கம் (குவியாடி) நேரா ஆனா சின்னதா. விதி ஒண்ணும் மாறல. வளைஞ்ச ஆடியை லட்சக்கணக்கான குட்டி சமதள ஆடியா நினைச்சுக்கோங்க, ஒவ்வொண்ணோட செங்குத்துக்கோடும் கோளத்தோட மையம் வழியா போகும், அதுக்கு பேரு தான் வளைவு மையம். ஸ்டெப் 2ல செங்குத்துக்கோடுக்கு அவ்ளோ முக்கியத்துவம் குடுத்தது இதுக்கு தான். இணையா வர்ற கதிர்கள் திரும்பி சேருற இடம் முக்கிய குவியம், அது வளைவு ஆரத்துல பாதில இருக்கும்.

உங்க ஷேவிங் கண்ணாடியோட குவியத்தொலைவை முதல்ல கண்டுபிடிங்க. பகல்ல லைட்டை அணைச்சுட்டு, திறந்த ஜன்னலுக்கு எதிர் சுவர்கிட்ட நின்னு, கண்ணாடியை ஜன்னலை பாத்து பிடிங்க. ஒரு சின்ன வெள்ளை அட்டையை கண்ணாடி முன்னாடி, ஜன்னலை மறைக்காம லேசா ஒதுக்கி பிடிச்சு முன்ன பின்ன நகர்த்தினா ஒரு இடத்துல வெளிய இருக்குற மரம், வானம், எதிர் வீட்டு தண்ணி டேங்க் எல்லாம் கலரோட தலைகீழா அட்டையில விழும். முதல் தடவை பாக்குற யாருக்கும் ஒரு சிரிப்பு வரும். அட்டைக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரம் தான் குவியத்தொலைவு. சூரியனை வச்சு இதை செய்யாதீங்க, பேப்பர் பத்திக்கும், கண்ணும் போயிடும்.

படம் போட நாலு கதிர் இருக்கு, ஏதாவது ரெண்டு போதும். அச்சுக்கு (ஆடியோட நடுப்புள்ளி, அதாவது ஆடி மையத்தையும் வளைவு மையத்தையும் சேக்குற கோடு) இணையா போறது குவியம் வழியா திரும்பும், குவியம் வழியா போறது இணையா திரும்பும், வளைவு மையம் வழியா போறது வந்த வழியே திரும்பும், ஆடி மையத்துல படுறது அச்சுக்கு மறு பக்கம் அதே கோணத்துல திரும்பும். இந்த நாலு கதிருக்கு தனி மகிமை எதுவும் இல்ல, வரைய சுலபம், அவ்வளவுதான். நிஜத்துல ஆடி முழுக்க கதிர் படுது. அதனால தான் ஆடியோட கீழ் பாதியை கருப்பு பேப்பரால மூடினா பிம்பம் பாதி ஆகாது, முழுசா தான் இருக்கும், மங்கலா மட்டும் ஆகும். ஜன்னல் பிம்பத்தை அட்டையில விழ வச்சுட்டே கையால பாதி ஆடியை மறைச்சு பாருங்க.

இப்போ எண். சமன்பாடு 1/எஃப் = 1/வி + 1/யூ, இதுல எஃப் குவியத்தொலைவு, யூ பொருள் இருக்குற தூரம், வி பிம்பம் இருக்குற தூரம். உருப்பெருக்கம், அதாவது பிம்பம் பொருளை விட எத்தனை மடங்குங்கிறது, எம் = –வி/யூ, பிளஸ் வந்தா நேரா, மைனஸ் வந்தா தலைகீழ். குறியீடு: ஆடி மையத்துல இருந்து அளக்கணும், ஒளி போற திசை பிளஸ், எதிர் திசை மைனஸ். ஆடிக்கு முன்னாடி இருக்குற எல்லாமே மைனஸ், பின்னாடி இருக்குறது பிளஸ், இப்படி ஞாபகம் வச்சா போதும். குழியாடி எஃப் = –20 செ.மீ.ன்னு வச்சு உங்க முகத்தையே பொருளா கொண்டு போவோம்.

முகம் 10 செ.மீ.ல: 1/வி = –1/20 + 1/10 = 1/20, வி = +20. ஆடிக்கு 20 செ.மீ. பின்னாடி, எம் = +2. நேரா, ரெண்டு மடங்கு. மேக்கப் கண்ணாடி இதுக்காக தான் இருக்கு.

முகம் 20 செ.மீ.ல, அதாவது குவியத்துலயே: கதிர்கள் இணையா கிளம்புது, பிம்பம் முடிவிலில. ஆனா கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது, தூரத்து பொருளை பாக்குற மாதிரி தளர்வா பாத்துடும், கண்ணாடி முழுக்க ஒரு கண்ணு தான் நிறைஞ்சு தெரியும்.

முகம் 30 செ.மீ.ல: 1/வி = –1/20 + 1/30 = –1/60, வி = –60. மெய் பிம்பம், தலைகீழ், ரெண்டு மடங்கு, புத்தகத்துல இதோட முடிஞ்சுது. ஆனா கண்ணு எங்க இருக்கு? 30 செ.மீ.ல. பிம்பம் எங்க? 60 செ.மீ.ல, உங்க பின்மண்டைக்கு பின்னாடி! கதிர்கள் ஒரு புள்ளில சேரதுக்கு முன்னாடியே கண்ணுக்குள்ள நுழையுது, கண்ணு விரிஞ்சோ இணையாவோ வர்ற கதிரை தான் ஃபோகஸ் பண்ணும், குவிஞ்சு வர்றதை பண்ணாது. அதான் மேக்கப் கண்ணாடில இருந்து மெதுவா பின்னாடி போனா ஒரு இடத்துல எல்லாம் கலங்கிடுது. கண்ணாடி மட்டமானதுன்னு திட்டாதீங்க.

முகம் 60 செ.மீ.ல: 1/வி = –1/20 + 1/60 = –1/30, வி = –30, எம் = –0.5. இப்போ பிம்பம் உங்களுக்கும் ஆடிக்கும் நடுவுல, கண்ணுல இருந்து 30 செ.மீ.ல காத்துல தொங்குது, தலைகீழா பாதி சைஸ்ல. நல்லா உத்து பாத்தா அது கண்ணாடிக்கு முன்னாடி மிதக்குறது தெரியும், விரலை நீட்டி அது மேல வைக்க பாருங்க.

40 செ.மீ.ல வச்சா, அதாவது வளைவு மையத்துல, பிம்பமும் 40லயே அதே சைஸ்ல தலைகீழா வரும். அதை நீங்களே போட்டு பாத்துக்கோங்க.

ஸ்டெப் 7: குவியாடி, பைக் மிரர்

இது எப்பவும் ஒரே ரகம்: மாய பிம்பம், நேரா, சின்னது, ஆடிக்கு பின்னாடி குவியத்துக்குள்ளயே. சின்ன பரப்புல அகலமான ரோட்டை அடக்கி காட்டும், அதுக்காக தான் மலைப்பாதை வளைவுலயும் கடை மூலையிலயும் மாட்டுறாங்க.

"மிரர்ல தெரியுறதை விட வண்டி பக்கத்துல இருக்கு"ன்னு எழுதி இருக்கும்ல, அதுல ஒரு வேடிக்கை இருக்கு. எஃப் = +1 மீட்டர், பின்னாடி லாரி 10 மீட்டர்ல. 1/வி = 1 + 1/10, வி = 0.91 மீட்டர். பிம்பம் ஆடிக்கு ஒரு மீட்டர் கூட பின்னாடி இல்ல, ரொம்ப கிட்ட! அப்புறம் ஏன் தூரமா தோணுது? சைஸ். எம் = 0.091. உங்க கண்ணு மிரர்ல இருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தா, பிம்பம் கண்ணுல இருந்து 1.91 மீட்டர்ல பதினொண்ணுல ஒரு பங்கு சைஸ்ல இருக்கு, ரெண்டையும் வகுத்து பாத்தா 21 மீட்டர்ல நிக்கிற லாரி எவ்ளோ சின்னதா தெரியுமோ அவ்ளோ. சமதள ஆடியா இருந்தா 11 மீட்டர்ல நிக்கிற லாரி மாதிரி தெரிஞ்சிருக்கும். லாரியோட சைஸ் மூளைக்கு பழக்கம், அதனால சின்னதா இருந்தா தூரம்னு முடிவு பண்ணிடுது. லேன் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் கழுத்தை திருப்பி பாருங்க, அது போதும்.

ஸ்டெப் 8: கோளம் போதாது, பரவளையம் வேணும்

வெயில் சாய்வா விழுற இடத்துல எவர்சில்வர் டம்ளர்ல பால் கொஞ்சம் ஊத்தி வச்சு பாருங்க. பால் மேல ரெண்டு வளைவு சேந்து ஒரு கூர்முனையோட பளிச்சுன்னு ஒரு கோடு விழும். அந்த கூர்முனை சுவத்துக்கும் டம்ளர் மையத்துக்கும் பாதி தூரத்துல இருக்கும், அதான் நம்ம குவியம், ஆரத்துல பாதி! ஆனா எல்லா வெளிச்சமும் அந்த முனையில சேராம வளைவா ஓரம் வரைக்கும் இழுத்துக்கிட்டு போகுது பாருங்க, அது தான் கோளப்பிறழ்ச்சி. அச்சுக்கு பக்கத்துல வர்ற கதிருக்கு மட்டும் தான் "பாதி ஆரம்" சரி, ஓரத்துல படுறது ஆடிக்கு இன்னும் கிட்டக்க அச்சை வெட்டும். பரவளைய வடிவம் (பாரபோலா, கோளத்தை விட ஓரம் கொஞ்சம் தட்டையான வளைவு) குடுத்தா அச்சுக்கு இணையா வர்ற அத்தனையும் ஒரே புள்ளில சேரும். பழைய ஹெட்லைட்ல இதையே திருப்பி, குவியத்துல பல்பை வச்சு இணையான வெளிச்சம் எடுக்குறாங்க, டிம் இழை குவியத்தை விட்டு கொஞ்சம் தள்ளி இருக்கும். டிஷ் ஆன்டெனாவும் பரவளையத்துல ஓரமா வெட்டின ஒரு துண்டு தான், அதான் வானத்தை பாத்து மல்லாந்து கிடக்காம கிட்டத்தட்ட நிமிந்து நிக்குது.

கோளத்துக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. ஆரோவில் சோலார் கிச்சன் மாடியில 15 மீட்டர் விட்டத்துல ஒரு பெரிய கண்ணாடி கிண்ணம் இருக்கு, அது கோள வடிவம். கோளம் எந்த திசையில இருந்து பாத்தாலும் ஒரே மாதிரி தான, அதனால சூரியன் நகர்ந்தாலும் கிண்ணத்தை திருப்ப வேண்டியது இல்ல, வெளிச்சம் சேருற கோடு மட்டும் நகரும், அந்த கோட்டுல ஒரு குழாய் மாதிரி ரிசீவரை நகர்த்தி ஆவி எடுத்து சமைக்கிற மாதிரி அமைச்சிருக்காங்க. பரவளையமா இருந்தா அவ்ளோ பெரிய கிண்ணத்தையே சூரியன் பின்னாடி சுத்த விட்டிருக்கணும்.

டெலஸ்கோப்புக்கு வந்தா சலுகை கிடையாது. 1668ல நியூட்டன் செஞ்ச குட்டி ஆடி டெலஸ்கோப்ல இருந்து, ஜவ்வாது மலை காவலூர்ல 1986ல வந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் வரைக்கும் எல்லாம் குழியாடி தான். 1990ல மேல போன ஹப்பிளோட 2.4 மீட்டர் ஆடியில ஓரம் வெறும் 2.2 மைக்ரான் அதிகமா தட்டையாகிடுச்சு, மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. தேய்க்குறப்போ சரி பாக்குற கருவியில ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் தவறி இருந்துச்சு, அதை நம்பி ரொம்ப துல்லியமா தப்பான வடிவத்துக்கு தேய்ச்சுட்டாங்க. நட்சத்திரம் எல்லாம் புள்ளியா இல்லாம கசிஞ்சு தெரிஞ்சுது. 1993 டிசம்பர்ல வீரர்கள் போய் அதே தப்பை எதிர் பக்கமா வச்ச சின்ன ஆடிங்களை மாட்டிட்டு வந்தாங்க, படம் தெளிவாச்சு.

படம் வரையும்போது

அச்சை ஸ்கேல்ல போடுங்க, அளவை முன்னாடியே முடிவு பண்ணுங்க, எஃப் 20ன்னா பேப்பர்ல 2 செ.மீ. மாதிரி. ஆடியோட பின் பக்கம் சின்ன சாய்கோடு போட மறக்காதீங்க, இல்லன்னா குழியாடியா குவியாடியான்னே திருத்துறவருக்கு தெரியாது. ஒவ்வொரு கதிருக்கும் அம்புக்குறி, நிஜமா ஒளி போற இடத்துல முழு கோடு, பின்னோக்கி நீட்டினதுக்கு புள்ளிக்கோடு. மாய பிம்பத்தையும் புள்ளிக்கோட்டுல போடுங்க. கணக்குல வி மைனஸ் வந்து, படத்துல பிம்பம் ஆடிக்கு பின்னாடி வந்தா ஏதோ ஒண்ணு தப்பு, பெரும்பாலும் யூக்கு மைனஸ் போட மறந்திருப்பீங்க. கடைசியா படத்துல ஒரு ஓரமா பென்சில்ல கண்ணையும் வரைஞ்சு, கதிர் அதுக்குள்ள விரிஞ்சு போகுதா குவிஞ்சு போகுதான்னு ஒரு தடவை பாருங்க, மார்க் குடுக்க மாட்டாங்க, ஆனா மெய்யா மாயமாங்கிற சந்தேகம் அப்புறம் வராது.